பிந்தி வருகிறவரின் கதிரை

1. பஸ்ஸில் வந்த இசைக்குழு

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துக் கச்சேரி மண்டபத்தில் என் வேலை மேடை அடுக்குவது. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது டிம்பனி முரசை எப்படித் தூக்குவது என்றுதான். தூக்காதீர்கள், உருட்டுங்கள், இல்லாவிட்டால் இடுப்புப் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம் வாத்தியக்காரர் உட்காரும் கதிரை. ஸ்டேஜ் பிளானில் எத்தனை கதிரையோ, மேடையிலும் அத்தனைதான் இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் எனக்குக் கண் உறுத்தும்.

இலங்கையில் எங்கள் ஊரில் சண்டை முடிந்த அடுத்த மாதம் போலந்திலிருந்து ஒரு சிம்பனி இசைக்குழு வந்தது. தலைநகரத்துப் பெரிய குழு அல்ல, ஒரு மாகாணப் பட்டினத்துக் குழு. பஸ்ஸில் குலுங்கி வந்தவர்கள், இறங்கியதும் இடுப்பைக்கூட நிமிர்த்தாமல் டபுள் பேஸ் பெட்டிகளைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

என் தலையில் வேறு இடி. தம்பி ரவி வன்னியில் கடைசிவரை நின்றவன். முகாமில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, ஒரு தகவலும் இல்லை. டென்மார்க்கிலேயே கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருக்கிற அண்ணை அன்று காலைதான் ஃபோன் எடுத்திருந்தார்.

"பிள்ளை, இனியும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. சண்டை முடிஞ்ச நாளையே திதியா வைச்சு அந்தியேட்டியைச் செய்துவிடுவம். ஐயரோடை கதைச்சிட்டன். நீ ஓம் எண்டாச் சரி."

"வேலையிலை நிக்கிறன் அண்ணை, பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டேன். அந்தியேட்டி செத்தவர்களுக்குச் செய்வது. ஓம் என்று சொன்னால் தம்பியை நானே சாகடித்தது போலாகிவிடும்.

2. கதிரைச் சண்டை

ஒத்திகைக்கு முன் மேடையைப் பார்த்தேன். ஹார்ன் ஊதுகிறவர்களின் வரிசை முடிவில் ஒரு கதிரை கூடுதலாக நின்றது. முன்னால் இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்ட்கூட இல்லை. எவன் பார்த்த விசர் வேலை இது என்று முணுமுணுத்தபடி எடுத்துப் பின்னால் அடுக்கினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் கதிரை பழைய இடத்தில். மறுபடி எடுத்தேன். லைட் பார்த்துவிட்டுத் திரும்பினால் ராசா மாதிரி அங்கேயே நிற்கிறது!

எங்கள் மண்டப மேலாளர் ஹென்ரிக்கிடம் முறையிட்டேன். அவர் கோப்பியிலிருந்து கண் எடுக்காமல், "கதிரைதானே, கடிக்காது," என்றார். அவரை நம்பி என்ன பயன்?

மறுபடியும் எடுத்து வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். தடித்த மீசைக்காரர் ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி வந்தார். அவர்களுடைய மேடைப் பொறுப்பாளர் மாரெக். வாய்க்குள் போலிஷில் யாரையோ ஏசிக்கொண்டு வந்தார். வேறு யாரை, என்னைத்தான்.

பாய்ந்துபோய்க் கதிரையின் காலைப் பிடித்தேன். அவர் இழுக்க, நான் இழுக்க, வயலின்காரர்கள் சுருதி சேர்ப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாரெக் ஒருகாலத்தில் டென்மார்க்கில் ஸ்ட்ரோபெரி பிடுங்கியவர். அவருடைய டேனிஷ் அரைகுறை, என்னுடையது முக்கால். சண்டை பிடிக்க அது போதும்.

"நீதானா கள்ளி?"

"ஆர் கள்ளி? பிளானிலை இல்லாத கதிரை. பக்கத்திலை வாசல். நெருப்பு எரிஞ்சாச் சனம் எப்பிடி ஓடுறது? ஆருக்கு இது?"

"ஆள் இன்னும் வரேல்லை."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"பேர் என்ன?"

"தெரியாது."

"என்னோடை விளையாடாதேங்கோ அண்ணை!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

3. மாரெக் சொன்னது

மாரெக் சிரித்துவிட்டார். கதிரையை விட்டுவிட்டு மேடைப் படியில் இருந்தார். நானும் இருந்தேன். பிறகுதான் கதை வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கிய குழுவாம். சன்னல் உடைந்த சினிமாக் கொட்டகையில் ஒத்திகை. தபால்காரர் வயலின், மருந்துக்கடைக்காரர் கிளாரினெட். கேட்க வந்த சனம் டிக்கெட்டுக்குப் பதில் அடுப்புக்கு நிலக்கரி கொண்டுவந்ததாம். ஊரில் ஹார்ன் ஊதிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் போரிலிருந்து திரும்பவில்லை. அவருக்கென்று ஒரு கதிரை போட்டு வைத்தார்கள்.

"செத்தவரின்ரை ஞாபகத்துக்கு. விளங்குது," என்றேன்.

மாரெக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் செத்தது? அந்தாள் வந்தது! சில வருசம் கழிச்சு, ஒத்திகைக்கு நடுவிலை, ஓவர்கோட்டோடை வந்து கதிரையிலை இருந்தது. என்ரை அப்பா அப்ப டபுள் பேஸ் வாசிச்சவர், கண்ணாலை கண்டவர். குழுவை நடத்தின கொண்டக்டர் கையை நிப்பாட்டேல்லை. 'பிந்தீட்டீர்' எண்டார், அவ்வளவுதான். அந்தாள் ஊதின முதல் சுரமே பிழை!"

அன்றுமுதல் எந்த ஊரில் வாசித்தாலும் ஒரு கதிரை கூடப் போடுவார்களாம். செத்தவருக்கு அல்ல, பிந்தி வருகிறவருக்கு.

எனக்கு அழுகை வந்தது. அடக்க ஏலாமல் அழுதேன். மாரெக் பயந்துபோய், "எடு, எடு, கதிரையை நீயே கொண்டுபோ," என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

கதிரையை வாசலை மறைக்காமல் உள்ளே தள்ளிப் போட்டேன். பிளானிலும் ஒரு வட்டம் கீறினேன். ஹென்ரிக் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்றார். "பிந்தி வாற ஆளுக்கு," என்றேன். டேனிஷ்காரருக்குப் பிந்தி வருவதைவிடப் பெரிய குற்றம் இல்லை. "அப்படிப்பட்டவனை ஏன் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?" என்று முகத்தைச் சுளித்தார்.

இடைவேளையில் அண்ணைக்கு எடுத்தேன்.

"ஐயரை வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"ஏன், தகவல் ஏதும் வந்ததோ?"

"இல்லை. அவன் எப்ப அண்ணை நேரத்துக்கு வந்தவன்? உங்கடை கலியாணத்துக்கே தாலி கட்டி முடியத்தானே வந்தவன்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஓமடி. சாப்பாட்டுப் பந்திக்கு மட்டும் சரியா வந்து இருந்தவன், கழுதை," என்றார். அந்தியேட்டிப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு. நான் படித்த பாடம் சின்னதுதான்: பிளானில் இல்லாத கதிரையைக் கண்டால், எடுக்க முன் யாருக்கு என்று கேளுங்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒரு கதிரை கூட நிற்கிறது. யார் வருகிறார்கள் என்று பிள்ளைகள் டேனிஷில் கேட்டால், மாமா என்பேன்.

ரவி இன்னும் வரவில்லை. வரட்டும், நல்ல ஏச்சு வைத்திருக்கிறேன்.