அத்தையின் மப்ளர்

எங்கள் மலைக் கிராமத்தில் மார்கழி பிறந்துவிட்டால் மப்ளர் சுற்றாத கழுத்தே கிடையாது. எனக்குப் பத்து வயதில் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்ததைப் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் கண்டுபிடித்தார். வீட்டில் யார் மப்ளரை அவிழ்த்துப் பார்த்தார்கள்!

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றதும் நான் அழுத அழுகையில் பூண்டுக் காட்டில் வேலையே நின்றுபோனது. அப்பாவின் தங்கை, என் அத்தை, என்னைப் பூண்டு காயப்போடும் கொட்டகைக்குள் கூட்டிப்போய்த் தன் மப்ளரை அவிழ்த்துக் காட்டினாள். அவள் கழுத்திலும் ஒன்று.

"எனக்கும் ரெண்டு வருசமா கெடக்குடி. என்னைய என்ன பண்ணிருச்சு? யார்ட்டயும் சொல்லிராத."

தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் பள்ளங்கி. அத்தை வாயைத் திறந்தால் எதிர்ச்சரிவில் மேயும் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குக் கிசுகிசுத்தாள். அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

மதுரையில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார். சின்னப்பிள்ளைகளுக்கு இந்தத் தைராய்டுக் கட்டி வருவது குறைவு, வந்தால் பெரியவர்களைவிடப் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பொறுமையாகச் சொன்னார். அப்பாவின் முகம் செத்துப்போனது.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் கழுத்துல கட்டி இருக்கா?"

அப்பா உடனே இல்லை என்றார். அவருக்குத் தெரியாது. டாக்டரம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை இறுக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன்.

என்னுடையது பயமில்லாத கட்டி என்று வந்தது. வருடத்துக்கு ஒரு ஸ்கேன் போதும் என்றார்கள். ஊர் திரும்பியதும், சொன்னாயா என்றுதான் அத்தை முதலில் கேட்டாள். தலையாட்டி இல்லை என்றேன். கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளி, இரண்டு கமலா ஆரஞ்சு தந்தாள். குடும்ப மானத்தையே காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு.

ஆறு வருடம் கழித்துக் குரல் கம்மிய பிறகுதான் அத்தையை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அவளுடையது புற்று. குரல் நரம்பு வரை பிடித்திருந்தது. உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. இப்போது தன் பிள்ளைகளைக் கைதட்டித்தான் கூப்பிடுகிறாள். என்மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

டாக்டரம்மா என் ஒருத்திக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்வி அத்தைக்கும் சேர்த்துத்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து, அவள் உரித்துக் கொடுக்கக் கொடுக்க, சுளை சுளையாகத் தின்றுகொண்டிருந்தேன்.