நூற்றிருபதாவது கேள்வி

என் மாமாவுக்கு நான் ஆறு வாரம் டீச்சராக இருந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது, அவருக்கு இருபத்தொன்பது. செங்கோட்டையில் லோடு ஏற்றி, புளியரை வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு தாண்டி, கொல்லம் வரைக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, லாரி எப்படி ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். இதில் சிரிப்பதற்கு ஏதாவது இருப்பதாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். வளைகுடா நாட்டிலிருந்து ஒரு கம்பெனி டிரெய்லர் ஓட்ட ஆள் எடுக்கத் தென்காசிக்கு வரப்போவதாக ஒரு ஏஜெண்ட் சொல்லியிருந்தார். முதலில் எழுத்துப் பரீட்சை. நாற்பது கேள்வி, முப்பது சரியாக இருக்க வேண்டும். அதில் தேறியவர்களைத்தான் வண்டி ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். வண்டியைப் பற்றி மாமாவுக்குக் கவலையே இல்லை. அவர் பயந்தது பேப்பருக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தமிழ் வாசிப்பார், ஆனால் ஒவ்வொரு எழுத்தாக, கூட்டத்தில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி. ஒரு கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் அவருக்கு மறந்துபோகும்.

சிவகிரியில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் நல்ல மாதிரிதான். “விசா வரட்டும், மேக்கொண்டு பேசுவோம்” என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மாமா அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். ஆனால் சிவகிரி என்று பஸ்ஸில் போர்டு பார்த்தால்கூட அவர் முகம் மாறிவிடும்.

ஏஜெண்ட் கொடுத்தது ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த ஒரு புத்தகம். நூற்றிருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். எது சரி என்பது கடைசிப் பக்கத்தில், எண்ணும் எழுத்துமாகப் பொடிப்பொடியாக அச்சடித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்தைப் புரட்ட எனக்குச் சோம்பலாக இருந்தது. அதனால் முதல் நாளே உட்கார்ந்து, சரியான விடைக்கு நேராகப் பென்சிலால் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்விக்கு வந்தபோது விடை இல்லை.

“மாமா, நூத்தி இருபதுக்கு ஆன்சர் போடாம விட்டுட்டாங்க” என்றேன்.

“ஒண்ணுதானே, போட்டும். நூத்திப் பத்தொம்பது போதும்” என்றார் மாமா.

வகுப்பில் நான்தான் முதல் ரேங்க். அச்சடித்தவர்கள்தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

எங்கள் வீடு மேலகரத்தில் இருந்தது. அப்பா கேரளத்தில் தங்கி வேலை பார்த்தார். குற்றால சீசன் தொடங்கிவிட்டால் அம்மா ஐந்தருவியில் பழக்கடை போடுவாள். பறித்து வந்த பழக்கூடைகள் வீட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே பாடம் லாரியில்தான் நடந்தது. மாமா லோடு இறக்கிவிட்டு வந்து தெரு முனையில் நிறுத்துவார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கும். நான் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்காருவேன். அவர் கிளீனர் பக்கம் காலை மடக்கி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசிப்பேன். அவர் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வார். எழுத்தை மெதுவாகத்தான் பிடிப்பாரே தவிர, காதில் விழுந்ததை விடவே மாட்டார்.

முதல் ஐம்பது கேள்விகளிலேயே அவருக்கு ஒரு அதிர்ச்சி இருந்தது. அந்த நாட்டில் வண்டி வலது பக்கமாகப் போக வேண்டும். முந்துவது, திரும்புவது, ரவுண்டானாவில் யாருக்கு வழி விடுவது எல்லாமே நம் ஊருக்கு எதிர். பத்து வருஷமாகக் கையில் படிந்த பழக்கத்தை அவர் ஒவ்வொன்றாக உதறிப்போட வேண்டியிருந்தது. தப்பாகச் சொல்லும்போதெல்லாம் நான், “மாமா, அங்கன அப்படி இல்ல” என்பேன். “ஆமா, மறந்துட்டேன்” என்று தலையில் தட்டிக்கொள்வார். தனக்குத் தெரிந்தது எதுவும் அங்கே செல்லாது என்று கடைசியில் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்.

அதனால்தான் எழுபத்து மூன்றாம் கேள்வியில் நாங்கள் இரண்டு பேரும் தப்பித்துக்கொள்ளவில்லை. நீண்ட இறக்கத்தில் கனரக வாகனத்தை எப்படி ஓட்ட வேண்டும் என்பது கேள்வி.

“செகண்ட் கியரு” என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.

“தப்பு மாமா. நியூட்ரல்.”

கண்ணைத் திறந்தார். “நியூட்ரலா? நல்லாப் பாருட்டி.”

பார்த்தேன். நான் போட்ட டிக் நியூட்ரலுக்கு நேரேதான் இருந்தது. புத்தகத்தை அவரிடம் நீட்டினேன். அவர் விரலை வைத்து மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நியூட்ரல்ல விட்டா பிரேக்கு பிடிக்காதே மருமவளே. நேரா பள்ளத்துக்குல்லா போவும்” என்றார். பிறகு அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். “அங்கன ஏது மலை? எல்லாம் மணலு. எறக்கம்னா சும்மா ரெண்டடி இருக்கும். சரி, நியூட்ரல்னே வச்சுக்கோ.”

டயர் வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும் என்று இன்னொன்று. எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசினால் நம் விளக்கையும் கூட்ட வேண்டும் என்று வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் மாமா கொஞ்சம் தயங்கினார், பெருமூச்சு விட்டார், மனப்பாடம் செய்தார். ஆறாவது வாரம் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் விடை வந்து விழுந்தது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பத்து மணிக்கு. மாமா ஏழரைக்கே குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளே செல்போன் விடமாட்டார்கள் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். புத்தகத்தையும்தான். “இனி இதுல ஒண்ணும் இல்லட்டி, எல்லாம் இங்கன இருக்கு” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அம்மா அதற்கு முன்பே ஐந்தருவிக்குப் போய்விட்டாள்.

தனியாக இருந்த நான் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. ஆறு வாரம் புரட்டியதில் பின் இளகி, கடைசித் தாள் கையோடு வந்துவிட்டது. பின் இருந்த இடத்தில் தாள் மடிந்து கிடந்தது. நிமிர்த்தினேன். மடிப்புக்குள் ஒரு எண் இருந்தது. ஐம்பத்தேழு.

எண்ணைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வரிசையாக எடுத்துக்கொண்டு வந்ததில், ஐம்பத்தாறுக்கு அடுத்ததாக நான் ஐம்பத்தெட்டின் விடையை எடுத்து ஐம்பத்தேழுக்குப் போட்டிருக்கிறேன். ஐம்பத்தொன்பதை ஐம்பத்தெட்டுக்கு. அப்படியே கடைசி வரைக்கும். அதனால்தான் நூற்றிருபதாவது கேள்விக்கு விடை மிஞ்சவில்லை.

எழுபத்து மூன்றைப் பார்த்தேன். குறைந்த கியர். மாமா முதலில் சொன்னதுதான்.

கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். சீசன் சனிக்கிழமை. குற்றாலத்திலிருந்து வந்த பஸ்கள் தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாக ஆட்களை அடைத்துக்கொண்டு நிற்காமலே போயின. மூன்றாவது பஸ்ஸில் படிக்கட்டோரம் தொற்றி ஏறினேன். ரோடு முழுக்க வேனும் காரும். பஸ் நடந்தே போனது. கண்டக்டரிடம் மூன்று முறை மணி கேட்டேன். “என்ன பாப்பா, பரீட்சைக்கா போற?” என்றார். ஆமாம் என்றேன். மாமாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தாறு வரைக்கும் சரி மாமா, அதுக்கு மேல எல்லாம் தப்பு, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே எழுதுங்க. இவ்வளவுதான். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

மண்டபத்து வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். எல்லாரும் டிரைவர்கள், எல்லாருக்கும் படிய வாரிய தலை. மாமா என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

“ஏட்டி, நீ எங்கன வந்த? அம்மைக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“பெறவு?”

வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவர், “யாருலே இது?” என்று கேட்டார். அவர் வடகரைக்காரர், மாமாவோடு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர், மாமாவைவிட மூத்தவர்.

மாமாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. “எங்கக்கா மவ அண்ணாச்சி. இவதான் எனக்கு டீச்சரு. நூத்தி இருபது கேள்வியும் இவ படிச்சுக் குடுத்ததுதான். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. “அப்ப எங்களுக்கும் ஒரு கேள்வி கேளுங்க டீச்சரம்மா” என்றார் வடகரைக்காரர்.

எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. “எறக்கத்துல வண்டிய எப்படி ஓட்டணும்?” என்றேன்.

“செகண்ட் கியரு, இல்ல தேர்டு” என்றார் அவர். “இது ஒரு கேள்வியா?”

“இல்ல அண்ணாச்சி. நியூட்ரல்!” என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி.

நான்கைந்து பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். “நியூட்ரல்ல எறங்குனா வண்டி அங்கனதாம்லே, பொணம் மட்டும் ஊருக்கு வரும்.” மாமா அசரவில்லை. “நீங்க நம்ம ஊரு கணக்கச் சொல்லுதீங்க. அங்கன எல்லாம் வேற. புக்குல இருக்கு.” வடகரைக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு தாயி. புக்குல என்ன போட்டிருக்கு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். மற்றவர்கள் பார்வையில் கேள்வி இருந்தது, அவர் பார்வையில் இல்லை. படித்த கூட்டத்தில் எப்போதும் பின்வரிசையில் நிற்கிறவர் அன்று முன்னால் நின்றார். நான் இல்லை என்று சொன்னால் அத்தனை பேரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைவிடப் பெரிய கேடு ஒன்றும் உலகத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது.

“நியூட்ரல்னுதான் இருக்கு” என்றேன்.

“பாத்தீங்களா!” என்றார் மாமா.

உள்ளேயிருந்து யாரோ பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். கூட்டம் கதவுப் பக்கம் நகர்ந்தது. “மாமா” என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, “பயப்படாதட்டி, வீட்டுக்குப் போ. பத்திரமா போ” என்றார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து, பென்சில் டிக்குகளை எல்லாம் ரப்பரால் அழித்தேன். தாள் கிழிந்த இடங்களைக்கூட விடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

மாமா சாயங்காலம் வந்தார். கையில் பரோட்டாப் பொட்டலம். கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா அதைப் பார்த்ததும், “பாஸாலே?” என்று எழுந்துவிட்டாள்.

“இல்லக்கா. ஆறு மார்க்கு கொறஞ்சுட்டு. புள்ளைக்குப் பிடிக்கும்னு வாங்கினேன்.”

“அவ்வளவு படிச்சியேலே!”

“படிச்சதெல்லாம்தான் வந்துது. கை நடுங்கிட்டு. மாத்தி மாத்திப் போட்டுட்டேன்.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “வாட்டி டீச்சரு, ஆறிரும்.”

நான் சாப்பிட்டேன். அதைத்தான் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அவர் சால்னாவை ஊற்றினார், நான் சாப்பிட்டேன்.

அந்த ஆவணியில் சிவகிரிப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அம்மாதான் அழுதாள். மாமா ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை, கொல்லத்திலேயே லோடு இருக்கிறது என்றார். பத்து மாதம் கழித்து வேறொரு கம்பெனி வந்தது, வேறொரு புத்தகம் வந்தது. மாமா அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “மேலத்தெரு வாத்தியார்ட்ட குடுக்கலாம்லே” என்றாள் அம்மா. “எதுக்குக்கா? இவளுக்கு என்ன கொறச்சல்?” என்றார் மாமா. அந்த முறை ஒவ்வொரு விடையையும் நான்கு தடவை சரிபார்த்தேன். நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் எது ஒன்று, எது வேறு என்று தனியாக ஒரு நோட்டில் எழுதினேன். மாமா தேறினார். இப்போதும் அங்கேதான் டிரெய்லர் ஓட்டுகிறார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் அந்த வடகரைக்காரரைப் பார்த்தேன். “டீச்சரம்மாதானே?” என்று அடையாளம் கண்டுகொண்டார். “உன் பேச்சக் கேட்டு அன்னைக்கு நானும் ஒண்ணு தப்பாப் போட்டேன் தாயி” என்று சிரித்தார். பரீட்சை முடிந்ததும் எல்லாரும் வாசலில் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். மாமா மனப்பாடம் செய்துவந்த விடைகளில் பலவும் தப்பு என்று அங்கேயே தெரிந்துவிட்டதாம். “சின்னப் புள்ளைட்ட படிச்சா இப்படித்தாம்லே” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து யாரும் பார்த்ததில்லையாம். “அவ சரியாத்தான் சொன்னா. எனக்குத்தான் மண்டையில ஏறல” என்று சொல்லிவிட்டுப் பரோட்டாக் கடைப் பக்கம் போய்விட்டாராம்.

அன்று சாயங்காலம் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டாவது புத்தகத்தை என் மடியில் வைத்தபோதும் தெரிந்துதான் வைத்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை. ரப்பரால் அழித்ததோடு எல்லாம் போய்விட்டது, மாமா பாவம், கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை என்று பல வருஷம் அவருக்காக நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.