கடைசிப் பாடத்துக்கு ஓர் ஆள்

நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் செத்திருக்கிறேன். அப்போது நாலாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். இடம், பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு முன்னறை. நேரம், சனிக்கிழமை மத்தியானம். சாவதற்கு மிகவும் வசதியான நேரம் அது. அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்திருக்கும், அம்மா கார்மெண்ட்ஸில் இருப்பாள், அப்பா ஆட்டோவோடு எங்காவது சிக்னலில் நின்றிருப்பார். தடுக்க ஆளே கிடையாது.

என்னைச் சாகடித்தது சித்தி. அம்மாவின் சொந்தத் தங்கை.

சித்தப்பா கோரமங்களா பக்கம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தார். அதன்பிறகு சித்தி கொஞ்சகாலம் ஆம்பூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்கு வேலை ஏராளமாக இருந்தது, சம்பளம் என்ற பேச்சு மட்டும் இல்லை. ஒருநாள் ஒரு பையும் சித்தப்பாவின் போட்டோவுமாக எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். போட்டோவை டிவிக்கு மேலே மாட்டினோம். எங்கள் தெருவில் அத்தனை ஆண்களும் இடது பக்கம்தான் வகிடு எடுப்பார்கள். சித்தப்பா மட்டும் வலது பக்கம் எடுத்திருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைப் பெரிய ஆள் என்று நான் மதித்துவந்தேன்.

அந்த வருஷங்களில் பெங்களூரில் எவனைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் என்பான். சித்தியும் ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் கிளாஸில் போய்க் கேட்டாள். பத்தாவது பாஸா என்றார்கள். அவள் எட்டாவது. திரும்பி வரும் வழியில் யாரோ விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹாலைக் காட்டினார்கள். எங்கள் ஏரியா மாதிரி இடங்களிலிருந்து வரும் பெண்களுக்கு அங்கே ஒரு டிரஸ்ட் இலவசப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் பாடம். பாஸானால் நர்சிங் ஹோமில் வேலை. பாஸாகாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. "பரீட்சை விளையாட்டெல்லாம் முடிஞ்சதும் பஸ் ஏத்தி விடுங்க" என்று ஆம்பூரிலிருந்து மாமனார் சொல்லியனுப்பியிருந்தார்.

ஹாலில் படித்ததை வீட்டில் செய்துபார்க்க சித்திக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டான். அப்பா ஒருநாள் படுத்தார், படுத்ததும் குறட்டை விட்டார். ஆக, வீட்டின் நிரந்தர நோயாளி நானே.

முதல் பாடம் காய்ச்சல். அதில் எனக்கு லாபம் இருந்தது. ஸ்கூலுக்கு மட்டம் போடலாம் என்று தெர்மாமீட்டரை டீ டம்ளரில் கொஞ்சம் முக்கி எடுத்துக் கொடுத்தேன். சித்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தக் காய்ச்சலுக்கு நீ நேத்தே செத்திருக்கணும்டா எருமை. கெளம்பு ஸ்கூலுக்கு."

அடுத்தது எலும்பு முறிவு. கையில் ஸ்கேலை வைத்துக் கட்டி, தெருவெல்லாம் பெருமையாகச் சுற்றிவந்தேன். அதற்கடுத்தது பக்கவாதம். என்னை ஒருக்களித்துப் புரட்டி, நான் படுத்திருக்கும்போதே கீழே விரிப்பை மாற்றினாள். பிறகு, தானாகச் சாப்பிட முடியாதவருக்குக் கஞ்சி புகட்டுவது. இங்கேதான் எனக்கு உறைத்தது. காய்ச்சல், முறிவு, வாதம், கஞ்சி. வாரத்துக்கு வாரம் என் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது. கணக்கில் நான் மக்கு. ஆனால் இந்த வரிசை எங்கே போய் முடியும் என்று கண்டுபிடிக்கக் கணக்கு தேவையில்லை.

அன்று சாயங்காலமே அது உறுதியானது. சமையல்கட்டில் சித்தி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன், அதாவது கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கடைசிப் பாடம் மட்டும்தான்கா பாக்கி. யாராச்சும் செத்துட்டா, சொந்தக்காரங்க பாக்கறதுக்கு முன்னாடி மொகம் தொடச்சு, கண்ண மூடி, தாடை கட்டி வைக்கணும். கிளாஸ்ல பொம்ம மேல செய்யச் சொன்னாங்க. எனக்குக் கையே ஓடல. நடுவுலயே வெளிய வந்துட்டேன்."

"பரீட்சைக்கும் பொம்மதானே?"

"இல்லக்கா, மேடமே படுத்துக்குவாங்களாம். செத்தபடியே மார்க் போடுவாங்களாம்."

அம்மா சிரித்துவிட்டாள். சித்தி சிரிக்கவில்லை.

"அதுக்குள்ள ஒரு தடவையாச்சும் ஆள் மேல செஞ்சு பாக்கணும்கா. கிளாஸ்ல ஒருத்தியும் படுக்க மாட்டேங்கறா. கட்டினவ தாலியப் புடிச்சுக்கறா, கட்டாதவ இன்னும் கல்யாணம் ஆவலங்கறா. அதான், நம்ம இவன..."

"வாயக் கழுவுடி. ஒத்தப் புள்ளய வச்சிருக்கேன். பொணமாட்டம் படுக்க வைக்கவா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் சித்தி விட்டுவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் சும்மா இருக்கும்போதுதான் ஏதாவது செய்வாள்.

பக்கத்து வீட்டில் ஆறாங்கிளாஸ் படிக்கும் ஒருவன் இருந்தான். சாவு, சினிமா, பேய் எல்லாவற்றிலும் அவன் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். அவனிடம் ஆலோசனை கேட்டேன்.

"படுத்துராத குரு" என்றான்; எங்கள் ஏரியாவில் எவனும் எவனுக்கும் குருதான். "எமன் மேலருந்து பாப்பான். கண்ண மூடி, கைய கட்டிப் படுத்திருந்தா, இது ரெடி ஆய்டுச்சுன்னு தூக்கினு போய்க்கினே இருப்பான். வெசாரிக்கல்லாம் மாட்டான்."

என் கோலிகளையெல்லாம் அவனிடம் ஒப்படைத்தேன்.

"திரும்பி வந்தா குடுத்துருவியா?"

"நீ வந்தா குடுப்பேன். உன் ஆவி வந்தா குடுக்க மாட்டேன்."

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். முன்னறையில் பாய் விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பஞ்சு, கிழித்த வெள்ளைத் துணி, சீப்பு. சித்தி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிஷம்டா. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

"மாட்டேன்."

"சரி, வேணாம் வுடு. திங்கக்கெழம பரீட்சை. எப்படியும் என் கை ஓடாது. ஆம்பூர் பஸ்ஸு ராத்திரி வரைக்கும் இருக்கு."

மூலையில் அவள் பை இருந்தது. பாயைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். இரண்டு பயத்தில் எது சின்னது என்று தேடினேன். இரண்டுமே என்னைவிடப் பெரிதாக இருந்தன. படுத்தேன்.

சித்தி என் கால்மாட்டில் வந்து நின்றாள். மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, வணக்கங்க. உங்களைக் கவனிச்சுக்க வந்திருக்கேங்க. இப்ப மொகம் தொடைக்கப் போறேங்க."



இறந்தவரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும், மரியாதை குறையக் கூடாது என்பது மேடம் சொல்லிக்கொடுத்த முறை. அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பிறந்ததிலிருந்து சித்தி என்னை எருமை, சனியன், நாயே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அவள் வாயிலிருந்து 'ங்க' வருகிறது என்றால் விஷயம் கைமீறிவிட்டது. எங்கள் தெருவில் இதற்கு அத்தாட்சியே உண்டு. தெருமுனையில் குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் ஒருவரை ஊரே 'அவன்' என்றுதான் சொல்லும். அவர் செத்த அன்று காலை எழுந்து பார்த்தால், எல்லோர் வாயிலும் 'அவர்' ஆகியிருந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு மரியாதை எப்போது வரும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

ஈரப்பஞ்சு நெற்றியில் பட்டது. "கண்ண மூடறேங்க." மூடினாள். "கைய நேரா வைக்கறேங்க." வைத்தாள். நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று பார்க்க, ரகசியமாகக் கால் கட்டைவிரலை அசைத்தேன். அசையவில்லை. படுத்த அவசரத்தில் ஒரு காலை மடக்கிப் போட்டிருந்ததில் மரத்துப்போயிருந்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது, உயிர் காலிலிருந்துதான் கிளம்பும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். முழங்கால்வரை போய்விட்டது. இனி தொடை. மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஈக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

"தாடை கட்டறேங்க."

துணி மோவாய்க்குக் கீழே வந்து, கன்னங்களில் ஏறி, உச்சந்தலைக்குப் போனது. அங்கே நின்றது. முடிச்சு விழவில்லை. சித்தியின் விரல்கள் துணியின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடியே இருந்தன. காத்திருந்தேன். தெருவில் ஓர் ஆட்டோ போனது. இன்னும் காத்திருந்தேன். இவள் பயந்துவிட்டாள், நான் நிஜமாகவே போய்விட்டதைக் கண்டுபிடித்துவிட்டாள், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என்று தோன்றியது. எனக்கே அழுகை வந்தது. என் சாவுக்கு முதலில் அழுதவன் நான்தான்.

ஒருவழியாக முடிச்சு விழுந்தது. சீப்பு தலையில் பட்டது. பட்டதும் அதுவும் நின்றது.

"வகிடு எந்தப் பக்கங்க?"

செத்தவனிடம் கேள்வி கேட்கிறாள்.

"சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

அந்தக் குரல் பாடம் படிக்கும் குரலாக இல்லை. அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பதில் சொல்லாவிட்டால் இன்னும் மோசமாக ஏதோ நடக்கும் என்ற பயத்தில், கட்டிய தாடைக்குள்ளிருந்து முனகினேன்.

"எடது."

சித்தி நிதானமாக வாரினாள். அத்தனை நிதானமாக என் தலையை யாரும் வாரியதில்லை. பிறகு கட்டை அவிழ்த்து, "எந்திரிடா எருமை" என்றாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முழங்காலில் ரத்தம் ஓடியது. ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே கண்ணாடிக்கு ஓடினேன். ஆள் இருந்தேன். ஆனால் வகிடு மாறியிருந்தது. கண்ணாடி இடவலத்தை மாற்றிக் காட்டும் என்பதால் கையால் தடவியும் பார்த்தேன். வலதுதான்.

"சித்தி, தப்பு. நான் எடதுன்னுதானே சொன்னேன்? பரீட்சைல இப்படிச் செஞ்சா பெயிலாய்டுவே."

"நீ சொன்னது கேட்டுச்சுடா" என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேடம் செத்துப் படுத்தபடியே, "தாடைக்கட்டு ஸ்வல்ப லூஸ்", கொஞ்சம் தளர்வு, என்று மட்டும் கன்னடம் கலந்து சொன்னாராம். சித்தி பாஸ். ஆம்பூர் பஸ் அவளை ஏற்றாமலே போனது. நர்சிங் ஹோமில் சேர்ந்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறி, இன்று புதிதாக வரும் பெண்களை மிரட்டுகிற இடத்தில் இருக்கிறாள். நான் கோலிகளைக் கேட்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரன் என்னைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, பாதியைத்தான் கொடுத்தான்.

நான் காலேஜ் முடித்தபிறகு ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டிவிக்கு மேலே இருந்த போட்டோவைப் பார்த்தாள். சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தாடை கட்டி, குளிப்பாட்டி, நன்றாகத்தான் அனுப்பியிருந்தார்களாம். யாரோ தெரியாத கை, தலையை இடது பக்கம் வகிடெடுத்து வாரியிருந்ததாம். "இது அவரே இல்லக்கா, ஒரு சீப்பு குடு" என்று சித்தி கேட்டாளாம். மாமியார் வீட்டார் தொட விடவில்லை. நேரமாகிறது என்று தூக்கிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் வலது பக்க வகிட்டோடுதான் வீட்டுக்குள் திரிந்தேன். கலைக்கப் போனபோது, "இருக்கட்டும்டா" என்று சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள். அரிசி களையும்போது பார்த்தாள், சாதம் போடும்போது பார்த்தாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். உயிரோடு இருக்கிறேனா என்று சந்தேகப்படுகிறாள் என நினைத்து, நான் நடுநடுவே இருமிக் காட்டினேன்.