பாறைக்கு முன் கழற்றிய சப்பாத்து

ஆக்லாந்தின் ஹென்டர்சனில் எங்கள் வீட்டு வாசலில், சாவிகள் தொங்கும் ஆணியில், நீளமான சப்பாத்துக் கரண்டி ஒன்றும் தொங்குகிறது. அதிகம் குனியாமல் குதிகாலைச் சப்பாத்துக்குள் இறக்கவும் வெளியே நெம்பவும் உதவும் உலோகத் தகடு. அது அக்காவின் கணவருடையது. அத்தான் ஊரில் மிதிவெடியில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஆக்லாந்தில் போட்டுக்கொண்ட செயற்கைக் கால், சப்பாத்தின் குதி உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. சப்பாத்தைக் கழற்றினால் உடம்பு பின்னுக்குச் சாயும். அதனால் கோயிலுக்கு வந்தாலும் வெளியே செருப்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே அமர்ந்துவிடுவார். சப்பாத்தோடு வாருங்கள், பரவாயில்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். "உங்களுக்குப் பரவாயில்லை, எனக்கு மனம் கேக்காது" என்பார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒருமுறை குடும்பமாக ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்துக்குப் போனோம். பழைய பாறை ஓவியங்களைப் பார்க்க ஒரு சிறு நடை. வான் வண்டி நின்ற இடத்திலிருந்து தூரம் குறைவுதான், ஆனால் வழியெல்லாம் மணல். "நீங்கள் வானுக்குள்ள இருங்கோவன்" என்று அக்கா கெஞ்சினார். அத்தானோ கரண்டியை இடுப்பில் வாள்போலச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டார். அரசர் புறப்பட்டுவிட்டார் என்று நான் சிரித்தேன். ஒவ்வோர் அடிக்கும் செயற்கைக் கால் புதைந்தது. இடுப்பால் இழுத்து எடுத்து வைத்தார். கை கொடுத்தால் முறைத்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. விழுந்து தொலைத்தால் சுமப்பது நான்தானே.

குடைபோல் கவிந்த பாறையின் கீழே, கையை வைத்துச் சுற்றிலும் காவி ஊதிப் பதித்த கைகள் இருந்தன. பெரிய கைகள், குழந்தைக் கைகள். எங்களைக் கூட்டிவந்த அந்த மண்ணுக்குரிய பெண், தன் முன்னோர் இங்கேதான் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் தணிந்த குரலில் சொன்னார்.

அத்தான் நின்றுவிட்டார். "இது இவையின்ர கோயில் மாதிரியோ? கேள்."

கேட்டேன். அந்தப் பெண் ஆமென்று தலையசைத்தார்.

"அப்ப சப்பாத்தோட எப்படிப் போறது?"

ஒரு கல்லில் அமர்ந்து நல்ல காலின் சப்பாத்தைக் கழற்றினார். பிறகு கரண்டியைச் செருகி, செயற்கைக் காலினதையும் நெம்பி எடுத்தார். நான் தோளைக் கொடுத்தேன்.

"விடு தம்பி. விழுந்தா பிறகு தூக்கு."

முன்னால் குனிந்து, கைகளை விரித்து, தள்ளாடித் தள்ளாடிப் போய் அந்தக் கைகளுக்கு முன்னால் நின்றார். விழவில்லை. ஆக்லாந்து திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குள்ளும் அப்படியே சப்பாத்தில்லாமல் நடந்தார். அங்கே ஒருமுறை விழுந்தார், எழுந்தார், அடுத்த வெள்ளியும் வந்தார்.

போன குளிர்காலத்தில் அத்தான் காலமானார். செயற்கைக் காலையும் மாட்டியே அனுப்ப வேண்டும் என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார். பெட்டியில் கிடத்தியவர்கள், நல்ல எண்ணத்தில், இரண்டு காலுக்கும் பளபளவென்று சப்பாத்து போட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்க் கரண்டியை எடுத்துவந்தேன். நல்ல காலின் சப்பாத்து உடனே வந்தது; செயற்கைக் கால் தன்னுடையதை லேசில் விடவில்லை, அவரைப்போலவே. மெல்ல நெம்பிக் கழற்றினேன்.

அக்கா அந்த வெறும் பாதத்தைத் தடவினார்.

"சரி, இனி உள்ளுக்குப் போகட்டும்" என்றார்.

கரண்டியை மட்டும் நான் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன்.