பல்லில் கடித்த நூல்

தையல்காரியின் கோபம் கடைத்தெருவுக்கே தெரியும். அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கி நிற்கும் பெண்களிடம், "வீட்டுக்குப் போனா மூச்சு விட மாட்டீங்களா?" என்பாள். இந்தக் கோபம் வேறு.

அவள் தம்பி ஓவியன். மிஷினில் உட்கார்ந்து அவள் நூலைப் பல்லால் கடிப்பதை வரைந்திருந்தான். கண்காட்சிக்குப் போய் அவள் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு விமர்சகர் பத்திரிகையில் எழுதிவிட்டார்: 'இவள் தைக்கவில்லை. யாருடைய கழுத்தையோ கடிக்கிறாள்.'

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பெரிதாக்கி அவள் கடைக் கதவில் ஒட்டினார். வீட்டில் கணவன் படித்துவிட்டு, "யாரு கழுத்து?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவளோடு பேசவே இல்லை.

தம்பியைக் கடைக்கு வரவழைத்தாள்.

"கத்தரிக்கோல் கைக்கு எட்டலன்னா பல்லால கடிப்போம். எல்லா டெய்லரும் செய்யறதுதான். அந்தாளுகிட்டச் சொல்லு."

"படத்தை மாட்டினப்புறம் சொல்றதுக்கு நான் யாருக்கா? பாக்கறவங்களுக்கு என்ன படுதோ அதுதான்."

"மூஞ்சி என்னோடதுடா! அத வச்சுக்கிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போகணும்."

"முதல்ல போய்ப் பாரு."

கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். படத்தின் முன் இருவர் தலையைச் சாய்த்து நின்றிருந்தார்கள்.

"நகருங்க. அது நான்தான்."

நகர்ந்தார்கள். கழுத்து எங்கும் இல்லை. பொய் என்று கத்த வாயெடுத்தாள். அப்போதுதான் படத்திலிருந்த கத்தரிக்கோல் கண்ணில் பட்டது. அவள் வலக்கை அதன் மேலேயே இருந்தது. மடியில் நீலக் கோடு போட்ட சட்டை. கணவனுடையது. நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்த நாள். "உக்காந்து மிதிக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவன் சட்டையை அவள்மேல் வீசிவிட்டுப் போன நாள்.

வெளியே வந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"கத்தரிக்கோலை எதுக்குடா வரைஞ்சே?"

"அங்கதானேக்கா இருந்துச்சு."

"கண்ணை மூடிக்கத் தெரியாதா உனக்கு?"

வீட்டில் கணவன் வாசலிலேயே நின்றான். அதே நீலக் கோடு போட்ட சட்டையில்.

"படத்தைப் பாத்தியாமே? அந்தாளு எழுதினது உளறல்தானே?"

"கழுத்துன்னு எழுதினது தப்புதான்," என்றாள். "காலர்."

அவன் கை மெல்லக் காலர் பட்டனுக்குப் போனது.

"கழட்டாதீங்க. நல்லாத்தான் தைச்சிருக்கேன்."