மூன்றாம் மாடி மேஜர்

பேச்சியம்மாளின் உயரம் நாலடி பத்து அங்குலம். அவர் கணவர் சுவாமிநாதன் ஆறடி, போதாக்குறைக்கு முறுக்கு மீசை. எங்கள் மேற்கு மாம்பலம் அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது வருஷமாக நடந்த குளறுபடிக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

1994-இல் அவர்கள் குடிவந்த அன்று லாரியிலிருந்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இறங்கியது. அதன் மேல் வெள்ளை பெயிண்டில் ‘மேஜர்’ என்று எழுதியிருந்தது. வாட்ச்மேன் ஷரீஃப் பெட்டியைப் பார்த்தார், பின்னால் வந்த மீசையைப் பார்த்தார், விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். சுவாமிநாதன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். “நான் இல்லப்பா, என் சம்சாரம்” என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? மனுஷன் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டார்! அன்றிலிருந்து அவர் மேஜர் சார்; தினம் காலையில் வாசலில் ஷரீஃப் ஒரு சல்யூட், பதிலுக்கு இவர் ஒரு சல்யூட். ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் கொடியேற்றுவது அவர்தான். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்ற முறையில் கயிற்றை எடுத்துக் கொடுத்த அப்பாவி நான்.

பேச்சியம்மாள் அதிகம் பேச மாட்டார். பீரோவை நகர்த்த ஆள் கூப்பிட மாட்டார். பழைய போர்வையை அடியில் கொடுத்துத் தனியாகவே இழுத்துவிடுவார். அதைப் பார்த்தும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

போன மாதம் ஷரீஃப் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சார், மூணாவது மாடிக்கு லெட்டர் வந்துகீது. சட்டசபைல நம்ம மேஜர் சாருக்கு மரியாதை பண்றாங்களாம். இன்னா கெத்து!”

எனக்குத்தான் அவசரம் கூடப்பிறந்ததாயிற்றே. யாரையும் கேட்காமல், விழாவுக்கு முதல் நாளே மீசை தெரியும்படி ஏழடி பேனர் அடித்து வாசலில் கட்டிவிட்டேன். சாயங்காலம் பேச்சியம்மாள் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு நேராக என் வீட்டுக்கு வந்து கடிதத்தை நீட்டினார்.

படித்தேன். 1971 போரில் எல்லையோர ராணுவ மருத்துவமனையில் குண்டு விழுந்து வார்டு தீப்பிடித்திருக்கிறது. நடக்க முடியாத பதினோரு பேரைப் போர்வையில் போட்டு ஒவ்வொருவராக வெளியே இழுத்து வந்த இளம் நர்ஸின் பெயர் பேச்சியம்மாள். மேஜராக ஓய்வு பெற்று, நாற்பத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்.

“அவருக்கு அதுல ஒரு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டும்னு முப்பது வருஷம் விட்டுட்டேன்,” என்றார். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் பேர் எனக்கு வேணும். கேக்கக் கூடாதா?”

பின்னால் சுவாமிநாதன், வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

இரவோடு இரவாக ‘மேஜர் பேச்சியம்மாள்’ என்று புது பேனர் அடித்தேன். காலையில் அதைப் பார்த்தவர்கள் பிரிண்டிங் மிஸ்டேக் என்று சிரித்தார்கள். விளக்கினால் என் மானமும் போகும் என்று நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

அன்று சங்க அறை டிவியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில், கௌரவிக்கப்படும் ஏழு பேருக்கான இடத்தில், மீசை உட்கார்ந்திருந்தது! பேச்சியம்மாள் கைப்பையை ஒப்படைக்கப் போன நேரத்தில், கப்பற்படைப் பெரியவர் ஒருவர் “வாங்க மேஜர்” என்று சுவாமிநாதன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாராம். அந்த அம்மாளுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. சபை தொடங்கிவிட்டால் மாடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

“மேஜர் பேச்சியம்மாள்” என்று பெயரை வாசித்து, அந்தப் பதினோரு பேரைப் பற்றியும் சொன்னார்கள். கேமரா மீசையிலேயே நின்றது. சுவாமிநாதன் எழுந்தார். ‘இன்னிக்குமாய்யா?’ என்று பல்லைக் கடித்தேன்.

அவர் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கடைசி வரிசையைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

கேமரா அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு அகலத் தோள்களுக்கு நடுவே ஒரு நரைத்த தலை மெல்ல எழுந்து கைகூப்பியது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

“அம்மாவா?” என்றார் ஷரீஃப். “அப்போ இத்தினி வருசமா நான் யாருக்கு சார் சல்யூட் அடிச்சிகினு இருந்தேன்?”

மதியம் அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கியதும் ஷரீஃப் அந்த அம்மாளுக்குத்தான் முதல் சல்யூட் வைத்தார். அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

“சார் சட்டசபையில வெச்ச சல்யூட் பிரமாதம்மா,” என்றேன், பேனர் பாவத்தைக் கழுவும் ஆசையில்.

“தப்பு,” என்றார் மேஜர். “நம்ம ஆர்மில தலையில தொப்பி இல்லாம சல்யூட் கிடையாது. முப்பது வருஷமா இவர் தப்பாத்தான் அடிக்கறார்.”

சுவாமிநாதன் திகைத்துப்போனார். “ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே பேச்சி!”

“சொன்னா நிறுத்திடுவீங்க. அப்புறம் தினம் காலையில பால்கனியில நின்னு நான் எதைப் பாக்கறது?”

சொல்லிவிட்டு அவர் படியேறினார். சட்டசபையில் அந்த அம்மாளுக்குப் போர்த்திய சால்வையைச் சுமந்துகொண்டு சுவாமிநாதன் பின்னாலேயே போனார்.