பனியன் போட்ட செலரி

திருப்பூரில் யாராவது உங்கள் சட்டை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் கோபப்படாதீர்கள். இங்கே நலம் விசாரிப்பே அப்படித்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், டீக்கடைக்காரர் என்று யாருக்கும் துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. உள்பக்கத் தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருக்கும். நம் ஊரில் அப்படி இழுத்தால் சண்டைதான் வரும்.

மங்கலம் ரோட்டில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். அறைக்கு வெளியே, மொட்டை மாடியில், பழைய பெயிண்ட் வாளிகளில் செலரிக் கீரை வளர்க்கிறேன். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரரோடு சாப்பிடப் போனபோது, சூப்பில் கிடந்த அந்த வாசத்துக்குச் சொக்கிப்போனவன் நான். குளிர்நாட்டுச் செடி என்பதால் மண் காயவே விடக்கூடாது. தண்டில் வெயில் பட்டால் கசப்பு ஏறும் என்று, கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் கைகளைச் செடிகளுக்கு ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டேன்.

ஒருநாள் கீழே குடியிருக்கும் ஓனரம்மா மேலே வந்தார்.

"வாளியெல்லாம் எடுத்துருங்க தம்பி. தண்ணி எறங்கி ஊடு ஒழுகுதுங்க."

இந்த ஊரில் எனதென்று சொல்லிக்கொள்ள அந்த வாளிகள்தான் இருந்தன. நான் முதல் வாளியை நகர்த்தப் போகையில், குனிந்தவர் செடியின் பனியனைத் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, ஸ்டிச் உட்டிருக்குதுங்களே! சைஸும் லூசு. இதையா புள்ளைக்குப் போடறது?"

புள்ளை என்றது செடியை. மறுநாள் அவரே குழந்தைகள் சைஸில் பனியன் கைகள் கொண்டுவந்து மாட்டிவிட்டார். வாளிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. "உங்கூருக் கீரைங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது ஒரு கட்டு பறித்துக்கொண்டு போனேன். அண்ணன் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"ஏல, இதுதான் உங்க திருப்பூர்க் கீரையா?"

இல்லை என்பதற்குள் போன் அடித்தது. ஓனரம்மா.

"தண்ணி ஊத்திட்டனுங்க தம்பி. உங்கூருக் கீரை வாட்டமா இருக்குதுங்க, ஆளைத் தேடுதாட்ட. எப்பங்க ஊட்டுக்கு வர்றீங்க?"

வீட்டில்தானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "நாளைக்கே வந்துருதேம்மா" என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், என் இன்னொரு கை அண்ணன் கொடைக்கு எடுத்த புதுச் சட்டையின் ஓரத்தைத் திருப்பி, தையலை இழுத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் சண்டைக்கு வந்தான்.